வலைப்பக்கத்தின் அமைப்பும் அணியும்

நுழையும்முன்

நாள்தோறும் எத்தனையோ வலைப்பக்கங்களைப் படிக்கிறோம். அவற்றை ஆக்குவது கணினி வல்லுநர்க்கு மட்டுமே உரிய தொழில் என்னும் எண்ணம் நம்மிடையே உண்டு. உண்மையில், ஒரு செய்தியை வகைதொகை செய்து எழுதத் தெரிந்த எவரும் நல்லதொரு வலைப்பக்கத்தை உருவாக்க இயலும். அதற்கான அடிப்படைகளையும் தமிழில் ஆக்கும்போது கருத்தில் கொள்ள வேண்டியவற்றையும் இப்பாடம் விளக்குகிறது.

கணினியில் ஏதேனும் ஒரு வலைப்பக்கத்தைத் திறந்து, அதன் வெற்றிடத்தில் சுட்டியின் வலப்பக்கப் பொத்தானை அழுத்தினால் ஒரு பட்டியல் தோன்றும். பக்கத்தின் மூலத்தைக் காட்டும் கட்டளை அதில் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் வண்ணங்களும் படங்களும் மறைந்து, எழுத்துகளால் மட்டுமே ஆன நீண்ட பனுவல் ஒன்று விரியும். சேவையகம் என்னும் தொலைவிலுள்ள கணினி நமக்கு அனுப்பியது அந்தப் பனுவலைத்தான். நம் கணினியிலுள்ள உலாவி அதைப் படித்து, இது தலைப்பு, இது பத்தி, இது படம் வரவேண்டிய இடம் என்று அறிந்து, திரையில் வரைந்து காட்டுகிறது. ஆகவே வலைப்பக்கம் ஆக்குதல் என்பது முதற்கண் எழுதுதலே ஆகும்.

குறியிடுதல்

வலைப்பக்கத்தை எழுதும் மொழிக்கு எச்.டி.எம்.எல். என்று பெயர். தமிழில் 'மீயுரைக் குறியிடு மொழி' எனலாம். குறியிடுதல் என்னும் சொல் அச்சகத்திலிருந்து வந்தது. ஆசிரியரின் கையெழுத்துப்படியை அச்சுக்கோப்பவரிடம் அளிக்கும் முன், இவ்வரியைத் தலைப்பாகக் கொள்க, இங்கே புதிய பத்தி தொடங்குக என்றெல்லாம் ஓரங்களில் குறித்துக் கொடுப்பர். படிப்பவருக்கு அக்குறிகள் தெரியா. அவற்றின் பயன் மட்டும் தெரியும். எச்.டி.எம்.எல். மொழியின் குறிகளும் அவ்வாறே மறைந்து நின்று பணியாற்றுகின்றன.

குறியில்லாத எழுத்து எவ்வளவு இடர் தரும் என்பதைத் தமிழர் நன்கறிவர். பனையோலைச் சுவடிகளில் சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. செய்யுளும் உரையும் ஒரே ஓட்டமாகத் தொடரும். மூலம் எது, உரை எது, உரைக்குள் வரும் மேற்கோள் எது எனப் பிரித்தறிவதே உ.வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்களுக்குப் பெரும்பணியாக அமைந்தது. 1887இல் அவர் சீவக சிந்தாமணியை வெளியிட்டபோது, ஏட்டில் உள்ள எழுத்துகளைப் பெயர்த்தெழுதியதோடு நில்லாமல், அவற்றின் அமைப்பையும் கண்டறிந்து காட்டினார். மனிதர் அறிவால் உய்த்துணரும் இவ்வமைப்பை உலாவி தானாக உணராது. எழுதுபவரே குறித்துக் கொடுக்க வேண்டும்.

இம்மொழியைப் படைத்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த டிம் பெர்னர்ஸ்-லீ. ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் என்னும் அணு ஆய்வு மையத்தில் அவர் பணிபுரிந்தார். பல நாடுகளிலிருந்து அங்கு வந்த அறிவியலாளர்கள் வெவ்வேறு வகைக் கணினிகளைக் கையாண்டனர். ஒருவர் எழுதியதை மற்றொருவர் தம் கணினியில் படிப்பது அரிதாக இருந்தது. இதற்குத் தீர்வாக 1989 மார்ச்சில் அவர் ஒரு திட்டவரைவை அளித்தார். தெளிவில்லை, ஆயினும் ஆர்வமூட்டுகிறது என்று அவருடைய மேலாளர் அதன்மேல் குறித்தார். 1991 ஆகஸ்டில் இத்திட்டம் செர்னுக்கு வெளியே இருந்தோர்க்கும் அறிவிக்கப்பட்டது. 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் இத்தொழில்நுட்பத்தைக் கட்டணமின்றி எவரும் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. அவ்வறிவிப்பு இல்லையெனில், ஒரு பள்ளி மாணவர் யாரிடமும் இசைவு பெறாமல் இன்று ஒரு பக்கத்தை எழுதிவிட முடியுமா என்பது ஐயமே.

தொடக்கத்தில் இருந்த குறிகள் ஏறத்தாழ இருபதே. ஒவ்வொரு குறியையும் குறிச்சொல் என்றும் ஒட்டு என்றும் வழங்குவர். இரு கூரிய அடைப்புகளுக்கு இடையே எழுதப்படும் இது, பெரும்பாலும் இணையாகவே வரும். முதலாவது தொடக்கத்தைக் குறிக்கும். சாய்கோடு சேர்ந்த இரண்டாவது முடிவைக் குறிக்கும். 'பி' என்னும் ஆங்கில எழுத்து பத்தியைக் குறிக்கும். 'எச்' என்னும் எழுத்தோடு 1 முதல் 6 வரையுள்ள எண் ஒன்றைச் சேர்த்தால் அது தலைப்பின் நிலையைக் குறிக்கும். பெட்டிக்குள் பெட்டி வைப்பதுபோல ஒரு குறிக்குள் மற்றொன்றை வைக்கலாம். இறுதியில் திறந்ததை முதலில் மூடவேண்டும் என்பதே விதி. முடிவுக்குறியை மறந்துவிட்டாலும் உலாவி வினவாது. தானே ஊகித்துக்கொண்டு பக்கத்தைக் காட்டிவிடும். தொடக்கநிலையில் கற்போர்க்கு இது உதவிபோலத் தோன்றினும், பிழையை மறைத்துவிடுவதால் இடையூறே மிகுதி.

ஒரு பக்கத்தைத் திட்டமிடல்

புதுக்கோட்டை மாவட்டத்திலுள்ள சித்தன்னவாசலைப் பற்றி ஒரு வலைப்பக்கம் ஆக்குவதாகக் கொள்வோம். கணினியைத் திறக்கும் முன் ஒரு தாளில் செய்தியை வகைப்படுத்த வேண்டும். 'சித்தன்னவாசல்' என்பது முதல்நிலைத் தலைப்பு. அமைவிடம், ஏழடிப்பட்டம், அறிவர் கோவில், செல்லும் வழி ஆகியவை இரண்டாம் நிலைத் தலைப்புகள். அறிவர் கோவிலின்கீழ் ஓவியங்கள், கல்வெட்டு என மூன்றாம் நிலைத் தலைப்புகள் இரண்டு வரும். ஏழடிப்பட்டத்தில் உள்ள சமண முனிவர்களின் கற்படுக்கைகளையும் தமிழிக் கல்வெட்டையும் பற்றிய செய்தியை, குடைவரைக் கோயிலைப் பற்றிய செய்தியோடு கலந்துவிடக் கூடாது. அவை வெவ்வேறு காலத்தைச் சேர்ந்தவை. தலைப்புகளைச் சரியாக அடுக்கினாலே இவ்வேறுபாடு புலப்பட்டுவிடும்.

இவ்விடத்தில் பலர் தவறுவதுண்டு. தலைப்புக்குரிய குறியை இடாமல், எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கி விட்டுவிடுவர். கண்ணால் காண்போர்க்கு வேறுபாடு தெரியாது. பக்கத்தைக் காதால் கேட்போர்க்குத் தெரியும். பார்வையற்றோர் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் உதவியால் வலைப்பக்கங்களைக் கேட்டறிகின்றனர். அத்தகைய மென்பொருள்களுள் ஒன்றான என்.வி.டி.ஏ., விலையின்றிக் கிடைப்பது, தமிழையும் ஒலிக்கவல்லது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006இல் அதை உருவாக்கத் தொடங்கினார். அதைப் பயன்படுத்துவோர், விசைப்பலகையில் 'எச்' விசையை அழுத்தி ஒரு தலைப்பிலிருந்து அடுத்த தலைப்புக்குத் தாவிச் செல்வர். வெறும் பெரிய எழுத்தால் ஆன தலைப்பை அவ்விசை கண்டுகொள்ளாது. அவர் பக்கம் முழுவதையும் முதல் வரியிலிருந்தே கேட்டுத் தீரவேண்டும்.

படங்களுக்கும் இது பொருந்தும். படத்தைச் சேர்க்கும் குறியோடு 'மாற்று உரை' என்றொரு பண்புக்கூறையும் எழுதவேண்டும். படம் வந்து சேராதபோது அவ்வுரை திரையில் தோன்றும். திரைவாசிப்பான் அதையே உரக்கப் படிக்கும். அறிவர் கோவிலின் விதானத்திலுள்ள புகழ்பெற்ற ஓவியத்துக்கு மாற்று உரையாக 'படம்' என்றோ 'ஓவியம் 1' என்றோ எழுதினால் யாருக்கு என்ன பயன்? 'தாமரைகள் நிறைந்த குளம். நீரில் மீன்களும் அன்னங்களும் யானைகளும் உள்ளன. மனிதர்கள் மலர் பறிக்கின்றனர்' என்று எழுதினால், அவ்வோவியத்தைக் காண இயலாதவரும் அதன் முன்னே ஒரு கணம் நிற்பர். ஓர் ஓவியத்தை இரண்டு வரிகளில் சொல்லப் புகும்போதுதான் அதை நாம் எவ்வளவு கூர்ந்து பார்த்தோம் என்பதும் தெரியவரும்.

இணைப்புகளைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். ஒரு சொல்லைச் சொடுக்கினால் வேறொரு பக்கம் திறக்குமாறு செய்வதே மீயுரை என்னும் பெயருக்குக் காரணம். அச்சொல், செல்லும் இடத்தைத் தெரிவிப்பதாக இருக்க வேண்டும். 'கல்வெட்டின் பாடம்' என்பது நல்ல இணைப்பு. 'இங்கே சொடுக்குக' என்பது அன்று. திரைவாசிப்பான் ஒரு பக்கத்தின் இணைப்புகளை மட்டும் தொகுத்துப் படிக்கும்போது, 'இங்கே சொடுக்குக' என்பது பத்து முறை ஒலித்தால் கேட்பவர் எதைத் தேர்வார்?

தமிழைக் கணினிக்கு உணர்த்தல்

கணினி எழுத்துகளை எண்களாகவே அறியும். எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கிறது என்னும் உடன்பாடு எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் பொதுவாக இருத்தல் வேண்டும். 1990களில் தமிழ் எழுத்துருக்களை ஆக்கியோர், ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களில் தமிழ் எழுத்து வடிவங்களை அமர்த்தினர். ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கெனத் தனிமுறையைக் கொண்டிருந்தது. அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் பக்கம் தமிழாகத் தெரியும். இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். தேடுபொறிக்கோ அது எங்கும் தமிழே அன்று. அக்காலத்தில் ஆர்வலர்கள் அரும்பாடுபட்டு ஏற்றிய கட்டுரைகளும் கதைகளும், உரிய எழுத்துரு கைக்கு எட்டாதபோது இன்றும் அக்குவியலாகவே நிற்கின்றன. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி விசைப்பலகையும் எழுத்துக் குறியேற்றமும் தரப்படுத்தப்பட்டன. பின்னர், உலக மொழிகளின் எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் வழங்கும் ஒருங்குறி முறை நிலைபெற்றது. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது.

ஒருங்குறியில் தமிழுக்கென 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி ஒதுக்கப்பட்டுள்ளது. அதில் ககரத்தின் எண் 2965. இகரத்தின் கொக்கியாகிய குறியின் எண் 3007. 'கி' என்று எழுதும்போது கணினி இவ்விரண்டையும் அடுத்தடுத்துச் சேமிக்கிறது. 'தமிழ்' என்னும் சொல் நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கோ தகரம், மகரம், இகரக்குறி, ழகரம், புள்ளி என ஐந்து எண்கள். 'கெ' என்னும் எழுத்தில் ஒற்றைக்கொம்பு முன்னே நிற்பதைக் காண்கிறோம். ஆனால் கணினியின் நினைவில் ககரம் முன்னும் கொம்பு பின்னுமாகவே உள்ளன. திரையில் வரையும்போது எழுத்துரு அவற்றை இடம் மாற்றிக் காட்டுகிறது. நாம் ஒலிக்கும் முறையும் மெய் முன், உயிர் பின் என்பதே என்று நோக்கினால், இம்முறையின் பொருத்தம் விளங்கும்.

இவ்வெண்களைப் பைட்டுகளாக மாற்றி அனுப்பும் வழிமுறைகளுள் இன்று பெருவழக்காக உள்ளது யு.டி.எஃப்.-8. இதில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளைக் கொள்ளும். பக்கத்தின் தலைப்பகுதியிலேயே, முதல் 1024 பைட்டுகளுக்குள், இம்முறையைப் பின்பற்றியிருப்பதை அறிவிக்க வேண்டும். அறிவியாவிடில் உலாவி வேறொரு முறையை ஊகித்துக்கொண்டு எழுத்துகளைச் சிதைத்துக் காட்டக்கூடும். பக்கத்தின் மொழி தமிழ் என்பதையும் 'டிஏ' என்னும் ஈரெழுத்துக் குறியால் தொடக்கத்திலேயே தெரிவித்தல் வேண்டும். அதைக் கண்டே திரைவாசிப்பான் தமிழ்க் குரலைத் தேர்ந்துகொள்கிறது. இரண்டே வரிகள், ஆயினும் தமிழ்ப் பக்கங்கள் பலவற்றில் இவ்விரண்டாவது வரியைக் காண்பது அரிது.

அறிவிப்புகளையும் அழைப்பிதழ்களையும் தமிழில் அழகுற அமைத்து, அவற்றைப் படமாக மாற்றிப் பக்கத்தில் ஒட்டிவிடும் வழக்கம் இன்று பெருகியுள்ளது. காண்பதற்கு அவை தமிழே. ஆனால் அவற்றிலுள்ள சொல் எதையும் உலாவி எழுத்தாக அறியாது. படியெடுக்கவோ பெரிதாக்கித் தெளிவாகப் படிக்கவோ இயலாது. எழுத்துருச் சிக்கல் தீர்ந்த பின்னும் தமிழை நாமே மீண்டும் படச்சிறையில் அடைப்பது வருந்தத்தக்கது.

அணி செய்தல்

அமைப்பு முடிந்த பின்னரே அழகு. தொடக்கக்கால வலைப்பக்கங்களில் இவ்விரண்டும் கலந்து கிடந்தன. ஒவ்வொரு தலைப்பின் அருகிலும் அதன் நிறத்தையும் அளவையும் எழுதினர். நூறு பக்கங்களின் தலைப்பு நிறத்தை மாற்ற வேண்டுமெனில் நூறு பக்கங்களையும் திருத்த வேண்டியிருந்தது. 1994இல் நார்வே நாட்டைச் சேர்ந்த ஹோகன் வியும் லீ இதற்கு ஒரு மாற்றை முன்மொழிந்தார். தோற்றம் பற்றிய விதிகளை எல்லாம் தனியொரு கோப்பில் எழுதிவிடலாம் என்பதே அது. அக்கோப்பே சி.எஸ்.எஸ். எனப்படும் பாணித்தாள். அதன் முதற்பதிப்பு 1996 டிசம்பரில் தரமாக வெளியிடப்பட்டது.

பாணித்தாளின் விதி ஒவ்வொன்றிலும் மூன்று உறுப்புகள் உண்டு: எதற்கு, எந்தப் பண்பு, என்ன மதிப்பு. 'இரண்டாம் நிலைத் தலைப்புக்கு, நிறம், அடர்பச்சை' என்று ஒருமுறை எழுதினால், சித்தன்னவாசல் பக்கத்தின் இரண்டாம் நிலைத் தலைப்புகள் யாவும் அந்நிறம் பெறும். அதே பாணித்தாளை ஏற்கும் பிற பக்கங்களும் அவ்வாறே மாறும். இரு விதிகள் முரண்பட்டால் என்ன ஆகும்? தமிழ் இலக்கணம் கற்றோர்க்கு இதன் விடை புதிதன்று. பொதுவிதியைச் சிறப்புவிதி விலக்கும். 'பத்திகள் யாவும் கருநிறம்' என்பது பொதுவிதி. 'கல்வெட்டுப் பகுதியிலுள்ள பத்திகள் பழுப்பு நிறம்' என்பது சிறப்புவிதி. உலாவி பின்னதையே கொள்ளும். இரண்டும் ஒரே தரத்தன எனில் பின்னர் எழுதப்பட்டது நிற்கும்.

உலாவி ஒவ்வோர் உறுப்பையும் ஒரு பெட்டியாகக் கருதுகிறது. நடுவில் உள்ளடக்கம், அதைச் சூழ உள்வெளி, பின் கரை, கரைக்கு அப்பால் புறவெளி. பக்க வடிவமைப்பின் பெரும்பகுதி இவ்வெளிகளை அளவிடுவதே. தமிழுக்கு இதில் தனிக்கவனம் வேண்டும். இகர ஈகாரக் கொக்கிகள் மேலெழுவன. உகர ஊகாரக் குறிகள் கீழிறங்குவன. ஆங்கிலத்துக்கு வகுத்த வரியிடைவெளியை அப்படியே கொண்டால், ஒரு வரியின் கால் அடுத்த வரியின் தலையைத் தொடும். எழுத்தளவின் ஒன்றரை மடங்குக்கு மேலாக வரி உயரத்தை அமைத்தல் நலம். தமிழ்ச் சொற்கள் புணர்ந்து நீள்பவை ஆதலால், இருபுறமும் ஒழுங்குபடுத்தும் முறையும் கைப்பேசித் திரையில் பொருந்தாது. சொற்களுக்கிடையே பெரும் பள்ளங்கள் தோன்றும். இடப்புறம் மட்டும் ஒழுங்காக விடுவதே போதும். சிறிய எழுத்தை மிகத் தடிப்பாக்கினால் சுழிகள் அடைபட்டுப் படிப்பதற்கு அரிதாகும்.

நிறத்தேர்வு தனிச்சுவை சார்ந்தது என்று எண்ணுவோர் உளர். ஓரளவே அது உண்மை. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரையுள்ள அளவில் கலப்பதால் 1,67,77,216 நிறங்கள் கிடைக்கின்றன. அவற்றுள் எதையும் கொள்ளலாம். எழுத்தின் ஒளிர்வுக்கும் பின்னணியின் ஒளிர்வுக்கும் உள்ள விகிதம் 4.5-க்கு 1 என்னும் அளவிலேனும் இருக்க வேண்டும் என்று அனைத்துலக வழிகாட்டுநெறி கூறுகிறது. வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து நாகரிகமாகத் தோன்றலாம். வெயிலில், பேருந்து நிறுத்தத்தில், பழைய கைப்பேசியில் அதைப் படிக்க முயல்பவருக்கு அது வெற்றுத் திரையே.

கைப்பேசிக்கென ஒரு பக்கம், கணினிக்கென ஒரு பக்கம் எனத் தனித்தனியே ஆக்கிய காலமும் இருந்தது. 2010இல் ஈதன் மார்காட் என்பவர், கலத்துக்கேற்ப வடிவம் கொள்ளும் நீர்போல ஒரே பக்கம் திரைக்கேற்ப மாறும் முறையை எடுத்துரைத்தார். அகலங்களை விழுக்காட்டில் அமைப்பதும், திரை குறுகும்போது மட்டும் செயற்படும் விதிகளைப் பாணித்தாளில் சேர்ப்பதும் இதன் அடிப்படை. திரையின் உண்மை அகலத்தைப் பின்பற்றுக என்னும் ஒரு வரியைத் தலைப்பகுதியில் எழுத மறந்தால், கைப்பேசி உலாவி பக்கத்தைக் கணினித் திரைக்குரியதாக எண்ணிச் சுருக்கி, எறும்பூர்வது போன்ற எழுத்துகளாகக் காட்டும்.

பக்கத்தை இயங்கச் செய்ய ஜாவாஸ்கிரிப்ட் என்னும் மூன்றாவது மொழி உண்டு. 1995இல் பிரெண்டன் ஐக் பத்தே நாள்களில் அதன் முதல் வடிவத்தை உருவாக்கினார். வினாடிவினா, படிவத்தைச் சரிபார்த்தல் முதலியவற்றுக்கு அது தேவை. சித்தன்னவாசல் பக்கத்துக்கு அது இன்றியமையாததன்று. ஆகவே அதைப் பின்னர்க் கற்கலாம்.

கணினியிலுள்ள எளிய எழுதுபலகை மென்பொருளில் இப்பக்கத்தை எழுதி, யு.டி.எஃப்.-8 முறையில் சேமித்தால் இணையத் தொடர்பு இன்றியே உலாவியில் திறந்து பார்க்கலாம். எழுத்து முழுவதும் சேர்ந்தும் நூறு கிலோபைட்டை எட்டாது. கைப்பேசியில் எடுத்த ஒரே ஒளிப்படம் அதைப்போல் முப்பது நாற்பது மடங்கு இருக்கும். படத்தைத் தேவையான அகலத்துக்குச் சுருக்கிய பின்னரே சேர்க்க வேண்டும். பின்னர் மூன்று சோதனைகள். முதலாவது, கைப்பேசியின் குறுகிய திரையில் பக்கவாட்டில் நகர்த்தாமல் படிக்க முடிகிறதா என்று பார்த்தல். இரண்டாவது, பாணித்தாளை நீக்கிவிட்டுப் பார்த்தல். அழகு போகும், ஆனால் செய்தியின் வரிசையும் தலைப்புகளும் குலையாமல் நிற்க வேண்டும். மூன்றாவது, ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் உள்ள டாக்பேக் என்னும் திரைவாசிப்பானை இயக்கி, கண்களை மூடிக்கொண்டு, 'சித்தன்னவாசல்' என்னும் தலைப்பிலிருந்து தாமரைக்குளத்து ஓவியம் வரை கேட்டுப் பார்த்தல்.